விரைவில் தொடர்பு கொள்வோம்

கதிர்,

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. எழுந்து போய்க் கை கழுவிவிட்டுத் தட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிட்டேன். "அந்த மனுசன் கண்ணத் தொடச்சிக்கிட்டுப் போறத நானே வாசல்ல நின்னு பாத்தேன்மா. வீட்டுக்கு வந்தவர அப்படி அனுப்பலாமா?" என்றாய். பூச்சோங்கில் நீ திறக்கப்போகும் வடிவமைப்பு அலுவலகத்துக்குக் குணா அங்கிளைத்தான் விளக்கேற்றக் கூப்பிடப் போவதாகவும், அதற்கு முன் நான் அவனை மன்னித்துவிட வேண்டும் என்றும் சொன்னாய். உன் அப்பா வழக்கம்போல் டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் வாயைத் திறந்திருந்தால் அன்று யாருக்கும் சோறு இறங்கியிருக்காது. அதனால் எழுதுகிறேன். எழுதுவதுதான் என் தொழில். பேச்சில் நான் எப்போதும் சற்றுப் பிந்திவிடுவேன். இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்றில்லை. உன்னோடு வேலைக்குச் சேரப்போகிற பிள்ளைகளுக்கும் கொடு. மூடி வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

உனக்குக் குணா மேல் ஏன் பாசம் என்று எனக்குத் தெரியும். பள்ளி விடுமுறை வந்தால் உன்னைக் கிள்ளானிலிருந்து ரயிலில் கூட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் போவேன். மாலை கட்டும் கடைகளுக்கு மேல்மாடியில் அவன் அலுவலகம், நான் அங்கேதான் வேலை பார்த்தேன். கீழே இருந்து மல்லிகையும் சாம்பிராணியும் மணக்கும், மேலே கம்ப்யூட்டர்கள் சூட்டில் முனகிக்கொண்டிருக்கும். அவன் தன் நாற்காலியில் உன்னை உட்கார வைத்து, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நிற்கும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பான். மதியம் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உன்னைத்தான் முதலில் கூப்பிடுவான். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. உன் கண்ணுக்கும் கைக்கும் பழக்கம் கொடுத்தவன் அவன்தான்.

எனக்கு அங்கே என்ன வேலை என்று உனக்கு அப்போது புரியவில்லை. "எங்கம்மா டைப் அடிப்பாங்க" என்று உன் சிநேகிதனிடம் சொன்னாய். குணாவும் வந்தவர்களிடம் அப்படித்தான் சொல்வான். "அக்கா ஸ்பெல்லிங் பாப்பாங்க" என்பான். ஒரு கடைக்காரர் தன் தொழிலுக்கு இணையத்தில் ஓர் அகப்பக்கம் வேண்டும் என்று வருவார். அந்தப் பக்கத்தைத் திறக்கிறவர் யார், என்ன அவசரத்தில் திறக்கிறார், எதை முதலில் தேடுவார், எந்தச் சொல்லைப் பார்த்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று மூச்சு விடுவார், எந்தப் பொத்தானில் என்ன எழுதியிருந்தால் தயங்காமல் அழுத்துவார் என்பதையெல்லாம் யோசித்து, தேவையில்லாததை வெட்டி, தேவையானதை வரிசைப்படுத்தித் தருவது என் வேலை. இப்போது நீங்கள் இதை உள்ளடக்க வடிவமைப்பு என்கிறீர்கள், அதற்குத் தனியாக ஆள் எடுக்கிறீர்கள். எனக்கு அப்போது பெயர் எதுவும் இல்லை. ஸ்பெல்லிங் பார்க்கிற அக்கா.

நீ கல்லூரியில் சேர்ந்த சமயத்தில் மங்களம் அக்கா எங்களிடம் வந்தார். கிள்ளானில் வேன் வைத்திருப்பவர். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், நடக்க முடியாதவர்கள் ஆகியோரைச் சக்கர நாற்காலியோடு ஏற்றிக்கொண்டு போய் மருத்துவ நிலையத்தில் விட்டு, முடிந்ததும் வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிற தொழில். கணவர் இறந்த பிறகு தனியாகத் தூக்கி நிறுத்தியவர். வாயில் வெற்றிலையும் காதில் போனுமாக இருப்பார். அந்த அம்மாவின் முன்னறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, வருகிற அழைப்புகளை நான் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒன்றையேதான் கேட்டார்கள். சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றுவீர்களா, முடிகிறவரை காத்திருப்பீர்களா, கூட ஒருத்தர் வரலாமா. மிகவும் பதறிப்போய்க் கூப்பிடுகிறவர்கள் மட்டும் வேறொன்று கேட்டார்கள்: வேன் இன்னும் வரவில்லையே, யாரைக் கூப்பிடுவது.

அவர்கள் கேட்டதையே எழுதினேன். முகப்புப் பக்கத்தில் அந்தக் கேள்விகள், கீழே ஒற்றை வரிப் பதில்கள், தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும். பொத்தானில் 'வேன் வேண்டும்'. அதற்கும் மேலே, திறந்தவுடன் கண்ணில் படும்படி, 'வேன் வரவில்லையா? உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று எழுதி, எப்போதும் யாராவது எடுக்கிற எண்ணைப் போட்டேன். மங்களம் அக்கா படித்துப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் தான் வாயால் சொல்ல ஒன்றும் இல்லை என்று சிரித்தார்.

குணாவுக்குப் பிடிக்கவில்லை. அரசாங்க கிளினிக் அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறதாம். அந்த வருடம் ஏதோ ஒரு வடிவமைப்புப் போட்டிக்கு அனுப்ப அவனுக்கு அழகான வேலை ஒன்று தேவைப்பட்டது. "வேன் வரலயான்னு மொதப் பக்கத்துலயே கேட்டா, நம்ம வேன் வராதுன்னு நாமளே சொல்ற மாதிரி இருக்கேக்கா. யாரு இதெல்லாம் படிக்கப் போறா?" என்றான். வேன் வராத அன்றைக்குப் படிப்பார்கள் என்று நான் சொன்னேன். வாதம் முடிந்துவிட்டது, நான் எழுதியபடியே போகும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெளியிட்டான். திரை முழுக்க ஒரு காணொளி. கடற்கரையில் ஒரு தாத்தா பேரக்குழந்தைகளோடு சிரிக்கிறார். பொத்தானில் 'உங்கள் பயணம் தொடங்கட்டும்'. சிறுநீரகம் செயலிழந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசிக் குழாயோடு கிடக்கிற மனிதரிடம் போய் உங்கள் பயணம் தொடங்கட்டும் என்று சொல்கிற புத்தியை நினைத்துப் பார். தொலைபேசி எண் எங்கேயும் இல்லை. பெயரையும் விவரத்தையும் தட்டி அனுப்பினால், 'நன்றி! எங்கள் குழு விரைவில் உங்களைத் தொடர்பு கொள்ளும்' என்று ஒரு வரி வரும். அந்த வரியும் அவன் எழுதியதுதான்.

பாக்கியம் என்று ஒருவர். கிள்ளானில், நம் தாமான் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவர் கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மங்களம் அக்காவின் வேனில்தான் டயாலிசிஸுக்குப் போய்வருவார். ஒருநாள் வேன் வழியில் நின்றுவிட்டது. பாக்கியம் கையில் இருந்தது டிரைவரின் எண் மட்டும்தான். அவன் சாலையோரத்தில் இழுவை லோரிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் போனை எடுக்கவில்லை. மகள் போனில் போட்டுக்கொடுத்திருந்த அகப்பக்கத்தைத் திறந்தார். தாத்தா சிரித்தார். எண்ணைத் தேடித் தேடிக் கிடைக்காமல், எழுத்துக் கூட்டி விவரங்களைத் தட்டி அனுப்பினார். விரைவில் தொடர்பு கொள்வோம் என்று வந்ததைக் கணவரிடம் படித்துக் காட்டிவிட்டு, அவரை நாற்காலியில் உட்கார வைத்து, வாசல் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். விரைவில் என்றால் அந்த அம்மாவுக்கு இதோ இப்போது என்று அர்த்தம். குணாவுக்கு, மறுநாள் காலை யாராவது மின்னஞ்சலைத் திறக்கும்போது என்று அர்த்தம். நிலையத்தில் அவருடைய முறை போய்விட்டது. மறுநாள் மூச்சுத் திணறி, நெஞ்சு முழுக்க நீர் கோத்து, அவசரப் பிரிவில் குழாய் வைத்துப் படுக்க வைத்தார்கள். பிழைத்தார். அது டாக்டர்கள் புண்ணியம்.

மங்களம் அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்த அந்த மதியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவர் கத்தவில்லை. போனை மேசையில் வைத்து, அந்த விரைவில் வரியைக் காட்டி, இதை எழுதியது யார் என்று மட்டும் கேட்டார். நான் குணாவைப் பார்த்தேன். அவன் சொல்வான் என்று காத்திருந்தேன். சத்தியமாக, அந்த நேரத்தில்கூட அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. தப்பு நடந்துவிட்டது, ஒப்புக்கொண்டு கூட நிற்போம் என்றுதான் நினைத்தேன். அவன் என் முகத்தை நேராகப் பார்த்தபடியே அந்த அம்மாவிடம் சொன்னான்:

"எழுத்து வேல முழுக்க அக்காதான். நான் வெறும் டிசைன் மட்டும்தான் பாத்தேன்."

நான் சொல்லைத் தேடி எடுப்பதற்குள் மங்களம் அக்கா எழுந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார். பின்னாலேயே ஓடி, நான் எழுதியது வேறு என்று படிக்கட்டில் நின்று சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே வந்தபோது குணா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்கக்கா. சூடு தணியட்டும்" என்றான். சூடு தணிந்தபோது என் மேசையில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

நான் வேலையை விட்டதற்கு முட்டிவலி காரணம் என்று உன்னிடம் சொன்னேன், நீ நம்பினாய். அடுத்து நடந்ததை உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. கிள்ளான் பாசாரில், கீரைக்காரரிடம் நான் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பாக்கியம் என் தோளைத் தொட்டுத் திருப்பினார். கோயிலில் பார்த்துப் பழக்கம் உண்டு, சிரிக்கப் போனேன். "சீக்கிரம் வர்றோம்னு எழுதுனவ நீதானாமே. கேட்டத் தொறந்து வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தோமே, வந்தியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். மீன்கடைக்கார அங்கிள் தராசைப் பிடித்தபடி பார்த்தார். அந்த அம்மா என்னை அடித்திருந்தால்கூட ஒரு மாதிரியாகத் தாங்கியிருப்பேன். அழுதுகொண்டே போய்விட்டார். கீரையை வாங்காமல் வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழாயை மூடும்போது அழுகை நின்றிருந்தது. அதன் இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. கதிர், அது வெறி. குணாவுக்கு இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும், அதுவும் அவன் 'யாரு படிக்கப் போறா' என்று கேட்ட அதே சொற்களை வைத்து எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

நம் சமையலறை மேசையில் நான் ஆரம்பித்த தொழிலை எல்லாரும் அம்மாவின் தன்னம்பிக்கை என்று புகழ்ந்தீர்கள். நீகூடக் கல்லூரியில் அதைப் பற்றிப் பேசியதாகச் சொன்னாய். நான் திருத்தவில்லை. உண்மையில் நான் தேடிப்போனது குணாவின் வாடிக்கையாளர்களை மட்டும்தான். ரவாங்கில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிற ஒருவர் இருந்தார். அவருக்குக் குணா செய்து கொடுத்த பக்கத்தில் சாப்பாட்டு வகைகளுக்கெல்லாம் கவிதையாகப் பெயர் வைத்திருந்தான். 'பொன்மாலை விருந்து', 'ராஜ சங்கமம்'. எதில் சைவம், எதில் கோழி என்று யாருக்கும் தெரியாது. அந்த அண்ணனிடம் போய் நான் குணாவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. "அண்ணே, உங்க தங்கச்சிகிட்ட போனக் குடுங்க. வீட்ல ஒரு காதுகுத்து, சைவச் சாப்பாடு வேணும். ஆர்டர் பண்ணச் சொல்லுங்க. நாம வாயத் தொறக்கக் கூடாது, பாத்துக்கிட்டு மட்டும் இருப்போம்" என்றேன். தங்கச்சி முதலில் சிரித்தார், பிறகு நெற்றியைச் சுருக்கினார், பிறகு போனை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதற்கு நேரில் வந்தே கேட்டுவிடலாம் என்றார். அந்த அண்ணனின் முகம் மாறியதைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ ஒன்று தின்று பசியாறிய மாதிரி இருந்தது.

தொழிலுக்கு ஒன்று சொல்கிறேன், என் வெறியை ஒதுக்கிவிட்டு இதை மட்டுமாவது எடுத்துக்கொள். ஒரு பக்கம் நன்றாக இருக்கிறதா என்று முதலாளியிடம் கேட்காதே, உன் கண்ணையும் கேட்காதே. அதைப் பயன்படுத்தப்போகிற ஒருவர் கையில் கொடு, செய்ய வேண்டிய வேலையைச் சொல், பிறகு உதவி செய்யாமல் வாயை மூடிக்கொண்டு பார். அவர் தடுமாறுகிற இடம்தான் நீ எழுத வேண்டிய இடம். அதோடு, நல்ல செய்தியை எங்கே வைத்தாலும் தேடி வந்து படித்துக்கொள்வார்கள். கெட்ட செய்தியை, ஏதாவது தவறிப்போனால் என்ன செய்வது என்பதை, முதலில் வை. பதற்றத்தில் இருக்கிறவனுக்குக் கண் பாதிதான் தெரியும்.

இப்படியே ஜெஞ்சாரோமில் பூச்செடி விற்கிறவர், பூச்சோங்கில் ஏர்கான் பழுது பார்க்கிறவர் என்று ஒவ்வொருவராக என் பக்கம் வந்தார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் குணாவுக்குச் செய்தி போகும்படி பார்த்துக்கொண்டேன். அவன் போன் செய்தால் எடுக்கமாட்டேன். அவன் அனுப்பிய குறுஞ்செய்திகளைப் படித்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரியும்படி திறந்து மட்டும் வைப்பேன்.

பிறகு பல் மருத்துவமனைகள் நடத்தும் ஒரு டாக்டரம்மா புதிய அகப்பக்கம் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். இருந்த பக்கம் குணா செய்தது. அவனையும் அதே கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். அவன்தான் முதலில் பேசினான், நன்றாகவே பேசினான். என் முறை வந்தபோது நான் கொண்டு போனதைத் திறக்கவில்லை. "குணா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைன்னு வெச்சிக்க. உன் மகளுக்குப் பல்வலி, துடிக்குது. கிள்ளான்ல எந்தக் கிளினிக் தொறந்திருக்குன்னு நீ செஞ்ச பக்கத்துலயே பாத்துச் சொல்லு" என்றேன். சிரித்து மழுப்பப் பார்த்தான். டாக்டரம்மா, சும்மா பாருங்களேன் என்றார்.

பார்த்தான். காணொளி ஓடியது. கிளைகளின் பட்டியலை அவனே 'எங்கள் புன்னகைகள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தான், அதை அவனே மறந்திருந்தான். கண்டுபிடித்தபோது முகவரிகள் இருந்தன, திறக்கும் நேரம் இல்லை. விரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தான். அவன் காது மடல் சிவந்ததைக் கண் எடுக்காமல் பார்த்தேன். டாக்டரம்மா கொடுத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது, அதையும் நிதானமாகக் குடித்தேன். கடைசியில் ஒரு விவரப் பெட்டிக்கு வந்து சேர்ந்தான். ஏதோ தட்டினான். அந்த வரி வந்தது. ஆமாம், அதே வரி. ஒரு மனிதரைச் சாவுப் படுக்கை வரை கொண்டுபோன பிறகும் அவன் அதை மாற்றவில்லை. வேறு கடைகளுக்கும் அப்படியே ஒட்டிக்கொடுத்திருக்கிறான். மேசையின் மேல் சாய்ந்து கேட்டேன்:

"விரைவில்னா எப்போ, குணா?"

டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி முழுதாகப் புரிந்திருக்காது. அவனுக்குப் புரிந்தது. வேலை எனக்குக் கிடைத்தது. வெளியே வந்து ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது எனக்குப் பாட வேண்டும் போல் இருந்தது. பழிவாங்கினால் மனசு வெறுமையாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அன்று இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன்.

அதன் பிறகு குணாவின் இறக்கம் வேகமாக இருந்தது. ஆட்கள் போனார்கள், மேல்மாடியைக் காலி செய்தான். சென்ற தீபாவளிக்கு முன்பு எனக்கு நீளமாக எழுதினான். நான் எழுதுகிற பக்கங்களுக்குப் படம் வரைந்து கொடுக்கிற வேலை ஏதாவது தர முடியுமா என்று. பழையதையெல்லாம் மறந்துவிடுங்கள் அக்கா என்று. நான் பதில் எழுதினேன். உடனே இல்லை. எந்தப் பொத்தானுக்கும் நான் அவ்வளவு யோசித்ததில்லை. எழுதி, அழித்து, அவன் கண்ணால் படித்துப் பார்த்து, அவன் இதை எப்படி எடுத்துக்கொள்வான் என்று சரிபார்த்து, கடைசியில் இப்படி அனுப்பினேன்: 'பாக்கியம் வீட்டுக்குப் போய், மங்களம் அக்காவையும் அங்கே வரச் சொல்லி, அன்று அந்த வரியை எழுதியது யார் என்று உன் வாயால் சொல். அதற்குப் பிறகு வேலையைப் பற்றிப் பேசலாம்.'

அவன் போனான். இதை நீ கவனிக்க வேண்டும், போனான், சொன்னான். பாக்கியம் அன்றே என்னைக் கூப்பிட்டு, பேச முடியாமல் அழுதார். "பாசார்லயே சொல்லியிருக்கலாமேக்கா, நான் இல்லன்னு" என்றார். சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, மாட்டேன் என்றார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. மங்களம் அக்கா மறுநாள் நேரிலேயே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். பாக்கியத்தின் கணவர் குணாவை உட்கார வைத்து, தேத்தண்ணி போட்டுக் கொடுக்கச் சொல்லி, போகட்டும் தம்பி என்றாராம். அது அவருடைய பெரிய மனசு. எனக்கு அதில் பங்கு இல்லை.

அதற்குப் பிறகுதான், தீபாவளிக்கு மறுவாரம், குணா முறுக்கும் லட்டுமாக நம் வீட்டுக்கு வந்தான். நீ சாப்பாடு வாங்க வெளியே போயிருந்தாய். உட்கார்ந்தான். மடிக்கணினியையும் எடுத்து வந்திருந்தான், தன் வேலைகளைக் காட்ட. நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன், இனி எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டான்.

"பேசலாம்னுதான் எழுதியிருந்தேன், குணா. இதோ பேசிட்டோம். வேல இல்ல."

அவன் புரியாமல் என்னைப் பார்த்தான். போனை எடுத்து நான் அனுப்பியதை மறுபடியும் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் விழுந்தது. என் வாழ்நாள் முழுக்க, ஒரு வாடிக்கையாளர்கூட ஒரு வரியைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஏமாந்துவிடக் கூடாது என்று பாடுபட்டவள் நான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும், படிக்கிறவன் ஏமாற வேண்டும் என்றே செய்தேன். ஒரு பொய்கூட அதில் இல்லை. "இது நியாயமாக்கா?" என்று கேட்டான். ஒரு வரிய நம்பிக் காத்திருந்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க, என்றேன். எழுந்து போனான். நீ உணவுப் பொட்டலங்களோடு வாசலில் நின்றாய். நீ பார்த்தது அந்தக் கண்ணீரைத்தான். அதற்கு முன்னால் ஓடிய கண்ணீரை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள். எனக்கு வருத்தம் ஒன்று உண்டு, ஆனால் அது நீ எதிர்பார்க்கிற வருத்தம் இல்லை. புதன்கிழமை உன் புது அலுவலகத்தின் அகப்பக்கத்தை எனக்கு அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். திறந்தேன். திரை முழுக்க ஒரு காணொளி, மேகங்கள் நகர்கின்றன. நடுவில் 'கனவுகளுக்கு உருவம் தருகிறோம்'. நீ என்ன தொழில் செய்கிறாய், யாருக்குச் செய்கிறாய், உன்னை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்துகொள்ள எனக்கே வெகுநேரம் ஆனது. கீழே ஒரு பொத்தான், 'பயணிப்போம்'. அவனுடைய வாடிக்கையாளர்களை எடுத்தேன், பெயரை எடுத்தேன், அவன் வாயிலிருந்து உண்மையையும் பிடுங்கிவிட்டேன். அவனோ என் மகனின் கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது வந்த கோபம் பாசாரில்கூட எனக்கு வந்ததில்லை. அவனிடமிருந்து நிறத்தை எடுத்துக்கொண்டாய், வைத்துக்கொள். சொற்களை அவனிடமிருந்து எடுக்காதே. உன் முகப்பை இன்றைக்கே கழற்றிவிட்டு, நீ யாருக்காகக் கடை திறக்கிறாயோ அந்த ஆட்களில் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் என்ன கேட்கிறார் என்று கேள்.

திறப்பு விழா உன்னுடையது. அழைப்பு உன் விருப்பம். குணாவைக் கூப்பிடுவதானால் கூப்பிடு, விளக்கு ஏற்றச் சொல்வதானால் சொல், நான் தடுக்கமாட்டேன், வராமலும் இருக்கமாட்டேன். ஆனால் நானும் இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறேன். பாக்கியமும் அவர் கணவரும் வருகிறார்கள், மங்களம் அக்காவின் வேனில். பாக்கியத்தின் கணவருக்குச் சக்கர நாற்காலி என்பதால் முன்வரிசையில், விளக்குக்கு நேர் எதிரே இடம் ஒதுக்கிவை. பக்கத்தில் நான் உட்காருவேன். அவன் தீக்குச்சியைக் கிழித்து நிமிரும்போது முதலில் எங்களைத்தான் பார்க்க வேண்டும். இதை அவனிடம் இப்போதே சொல்லிவிடு; ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை.

அவனை நான் மன்னிக்கவில்லை, கதிர். இனியும் மாட்டேன். இதற்கு வேறு அர்த்தம் எதுவும் வராதபடி பலமுறை படித்துப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

அம்மா